தையல் ஃபிளோரில் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னலாடை யூனிட்டுகளில் புதியவர்களைப் பழக்கும் பயிற்சியாளர்கள், லைன் சூப்பர்வைசர்கள், மனிதவளப் பிரிவினர் ஆகியோருக்காக எழுதியது. திருப்பூர் வகை டி-ஷர்ட் தயாரிப்பை வைத்தே உதாரணங்கள் தந்திருக்கிறோம்.

முதல் நாளே எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் விளக்கிவிடுகிறோம். மூன்றாம் நாள் கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவில்லை. ஏன்?

கேட்டது மட்டும்தான் நடந்திருக்கிறது; கேட்டதை அவர்கள் தாமாக ஒருமுறையேனும் நினைவிலிருந்து எடுத்துப் பார்க்கவில்லை. மறதியை முதன்முதலில் அளந்தவர் ஜெர்மானியர் எபிங்காஸ். 1885இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, கற்றதில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது. அதன்பின் நழுவும் வேகம் குறைகிறது. அவர் பயன்படுத்தியவை பொருளற்ற அசைகள் என்பதால் அதே கணக்கைத் தையலுக்குப் பொருத்த முடியாது. ஆனால் முதல் நாள்தான் ஆபத்தான நாள் என்பது ஃபிளோரிலும் உண்மை.

2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவினர் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலை தலைகீழானது. பயிற்சி அறையில் நாம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வகுப்பு முடிந்த கையோடு கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். அதை வைத்துக் கையெழுத்து வாங்கிப் பதிவேட்டில் ஒட்டிவிடுகிறோம்.

இரண்டு மணி நேரத்தை இருபது இருபது நிமிடமாக உடையுங்கள். ஒவ்வொரு துண்டையும் முந்தைய துண்டிலிருந்து ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். அதே விஷயத்தை மறுநாள் காலை, மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என இரண்டு மூன்று நிமிடம் மறுபடி கேளுங்கள். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு "புரிஞ்சுது" என்ற ஒரே பதில்தான் வரும். "ஊசி உடைஞ்சா என்ன செய்வீங்க, செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். மெஷினை நிறுத்துகிறாரா, உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுக்கிறாரா, அவற்றைக் கொடுத்துப் பதிவேட்டில் ஒட்டச் சொல்கிறாரா, ஒரு துண்டு குறைந்தாலும் அந்த பண்டிலை, அதாவது பீஸ் கட்டை, தனியே ஒதுக்கி ஊசி கண்டறியும் கருவிக்கு அனுப்பச் சொல்கிறாரா, அதற்குப் பிறகுதான் புது ஊசி கேட்கிறாரா என்று பாருங்கள். ஒரு படி விடுபட்டால் அந்த ஒன்றை மட்டும் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்.

ஒரு வேலையைச் சொல்லிக்கொடுக்கத் தேறிய முறை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. பழைய முறைதான், ஆனால் நம் ஃபிளோர்கள் பலவற்றுக்கு இன்னும் புதியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் நடத்தியது. அனுபவமுள்ளவர்கள் போருக்குப் போய்விட, தொழிற்சாலையையே பார்த்திராதவர்களை விரைவில் பழக்க வேண்டியிருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்பார்வையாளர்கள் அதில் பயின்றார்கள். வேலை கற்பிக்கும் பாடம் மொத்தம் பத்தே மணி நேரம். போருக்குப் பின் அந்த முறை ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் பயிற்சிக்கு அடித்தளமானது. கற்பவர் கற்கவில்லை என்றால் கற்பிப்பவர் கற்பிக்கவில்லை என்பது அதன் அடிப்படை வாசகம்.

நான்கு படிகள்:

1. தயார் செய்தல். பதற்றம் தணியும்படி இரண்டு வார்த்தை பேசுங்கள். இந்த வேலையில் ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள். கற்பவரை உங்கள் தோளுக்குப் பின்னால் நிறுத்துங்கள். எதிரே நிறுத்தினால் இடது வலது மாறித் தெரியும். கையை மாற்றிப் பழகிவிடுவார்.
2. செய்து காட்டுதல், மூன்று முறை. முதல் முறை படிகளை மட்டும் சொல்லிச் செய்யுங்கள். இரண்டாம் முறை படிகளோடு கவனிக்க வேண்டிய நுணுக்கங்கள். மூன்றாம் முறை அந்த நுணுக்கங்களுக்கான காரணங்கள்.
3. செய்ய விடுதல், இதுவும் பல முறை. முதலில் பேசாமல் செய்யட்டும். பிறகு படிகளைச் சொல்லிக்கொண்டே, பிறகு நுணுக்கங்களை, கடைசியாகக் காரணங்களைச் சொல்லிக்கொண்டே செய்யட்டும். தவறினால் அந்த நொடியே நிறுத்துங்கள். தவறான அசைவு ஐந்து முறை ஓடிவிட்டால் கை அதைப் பிடித்துக்கொள்ளும்.
4. பின்தொடர்தல். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்று ஓர் ஆளைக் காட்டிவிடுங்கள். முதல் நாள் கால்மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். பிறகு மெல்ல இடைவெளியைக் கூட்டுங்கள்.

இதில் பெரும்பாலும் கைவிடப்படுவது மூன்றாம் படி. ஒரு பீஸ் தைத்துக் காட்டிவிட்டு "போகப் போகப் பழகிடும்" என்று சூப்பர்வைசர் அடுத்த லைனுக்குப் போய்விடுவார். கற்பவர் பழகத்தான் செய்வார், தவறாகப் பழகுவார்.

வேலைப் பிரிப்புத் தாள் எப்படி எழுதுவது?

ஒரு ஆபரேஷனுக்கு ஒரு தாள், ஒரே பக்கம், மூன்று பத்தி: படி, நுணுக்கம், காரணம். ஐந்தாறு படிகளுக்கு மேல் போனால் அதை இரண்டு பாடமாகப் பிரியுங்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து எழுத வேண்டாம். அந்த வேலையை நன்றாகச் செய்யும் இரண்டு பேரின் பக்கத்தில் நின்று, அவர்கள் கையைப் பார்த்து எழுதுங்கள். இருவரும் எங்கே வேறுபடுகிறார்கள் என்று கவனித்தால் எது முக்கியம் என்பது தானாக வெளியே வரும்.

ஓவர்லாக்கில் (விளிம்பை வெட்டிக்கொண்டே தைக்கும் மெஷின்) கழுத்து ரிப் (கழுத்தில் வரும் இழுபடும் பின்னல் பட்டி) ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, வளையமாக மூட்டிய ரிப்பையும் ஆடையின் உடம்புப் பகுதியின் கழுத்தையும் நான்கு சமபாகமாகக் குறிப்பது. நுணுக்கம்: ரிப்பின் மூட்டு எங்கே உட்கார வேண்டும் (இடது தோளிலா, பின்கழுத்து நடுவிலா) என்பதை அந்த ஸ்டைலின் ஒப்புதல் சாம்பிளைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். காரணம்: ரிப்பின் சுற்றளவு கழுத்தைவிடக் குறைவு. குறி இல்லாமல் கண் மதிப்பில் ஏற்றினால் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் சுருங்கும்.

இரண்டாம் படி, உடம்பு கீழே, ரிப் மேலே வைத்து விளிம்புகளைச் சேர்த்துப் பிடிப்பது. ரிப்பின் இரண்டு மடிப்பு விளிம்பும் உடம்பின் விளிம்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று உள்ளே நகர்ந்தால் தையல் அதைப் பிடிக்காது. முதல் துவையலிலேயே ஓட்டை திறந்துவிடும்.

மூன்றாம் படி தைப்பது. ரிப்பை மட்டும் அடுத்த குறி வரை இழுத்து, குறியோடு குறி பொருத்தி, அதுவரை ஒரே ஓட்டமாகத் தைக்க வேண்டும். உடம்புத் துணியை இழுக்கவே கூடாது. இழுத்தால் கழுத்து அலை அலையாக நிற்கும், அயர்ன் போட்டாலும் சரியாகாது. ஊசிக்குப் பின்னால் பீஸைப் பிடித்து இழுப்பதையும் இங்கே தடுக்க வேண்டும். ஊசி வளைந்து உடைவது இதனால்தான்.

நான்காம் படி, தொடங்கிய தையலின் மேல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஏறி, பக்கவாட்டில் வெளியேறுவது. ஏற்றம் குறைந்தால் பிரியும். ரொம்ப நீண்டால் அந்த இடம் தடித்துக் கழுத்தில் உறுத்தும். கத்தி முன்பு தைத்த நூலை வெட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

காரணப் பத்தியை எழுதச் சோம்பல்படாதீர்கள். "உடம்பை இழுக்காதே" என்பது அதட்டல். "இழுத்தால் கழுத்து அலையும்" என்று தெரிந்தவருக்கு, வேறு ஸ்டைலில் வேறு துணி வரும்போதும் தானே யோசிக்க முடியும்.

தையலே தெரியாதவர் வந்தால் முதல் வாரம் என்ன செய்ய வைப்பது?

நூல் கோக்காமல் காகிதத்தில் தைக்கவைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. நேர்க்கோடு, சதுரம், வளைவு, சுருள் என்று வரைந்து கொடுப்பார்கள். மெஷினை மிதிக்கும் காலை மட்டும் பழக்க இது போதும்: எங்கே மிதித்தால் மெஷின் எப்படி ஓடுகிறது, கோட்டின் முடிவில் எப்படி நிறுத்துவது. ஒன்று அல்லது இரண்டு நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். காகிதம் இழுபடாது, பின்னல் துணி இழுபடும். காகிதத்தில் வந்த கை துணியில் வராது. காகிதம் தைத்த ஊசியைக் கழற்றிவிட்டுப் புது ஊசி போட்ட பிறகே துணியைத் தொட வேண்டும். காகிதம் ஊசி முனையை மழுக்கும். மழுங்கிய ஊசி பின்னலின் கண்ணியை அறுத்து ஓட்டை போடும். பின்னலாடைக்கு உருண்டை முனை ஊசி என்பதையும், மெல்லிய துணிக்கு 9, 11 போன்ற சிறிய எண் என்பதையும் அப்போதே கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

மூன்றாம் நாள் கழிவுத் துண்டுகள். நான்காம் நாள் முதல் உண்மையான ஓர் ஆபரேஷன், எளிதான ஒன்று. சர்வோ மோட்டார் உள்ள மெஷினில் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உச்சவேகத்தைக் குறைத்து வைக்க முடியும். புதியவருக்கு அதைப் பாதிக்குக் கீழே வைத்து, வாரம் வாரம் ஏற்றுங்கள். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை; விரலில் ஊசி ஏறும் விபத்தையும் தடுக்கும். கற்பவர் இருக்கும் மெஷினில் ஊசிக் காப்பும் கண் காப்பும் கழற்றப்பட்டிருக்கிறதா என்று தினமும் பாருங்கள். பழைய டைலர்கள் இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டிருப்பார்கள்.

வேகம் எப்போது வரும்? எப்படி வரவைப்பது?

பலரும் வேகத்தைக் காலில் தேடுகிறார்கள். ஒரு பீஸுக்கு ஆகும் நேரத்தில் ஊசி உண்மையில் ஓடும் நேரம் சிறு பங்குதான். மீதி முழுவதும் பீஸை எடுப்பது, பொருத்துவது, திருப்புவது, வெட்டுவது, வைப்பது. ஆகவே வேகம் கையில் இருக்கிறது. பண்டில் எந்தப் பக்கம், எந்த உயரத்தில் இருக்கிறது, எடுக்கும்போதே விளிம்பு சரியான திசையில் வருகிறதா, முடிந்த பீஸைத் திரும்பிப் பார்க்காமல் வைக்க முடிகிறதா என்பவற்றைச் சரிசெய்தால் மெஷின் வேகத்தைத் தொடாமலே எண்ணிக்கை ஏறும்.

பயிற்சிக்கு நல்ல வழி, சரியான முறையில் இலக்கு வேகத்தைச் சிறு துண்டாக முதலில் எட்டிவிட்டு, அதை நீட்டிக்கொண்டே போவது. ஆபரேஷனின் நிர்ணய நேரம் அரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில், அதாவது 480 நிமிடத்தில், நூறு சதவீதம் என்றால் 960 பீஸ். புதியவரிடம் 960 என்று சொன்னால் மிரண்டுபோவார். ஒரு பீஸை அரை நிமிடத்தில் ஒழுங்காக முடிக்கப் பழக்குங்கள். அது வந்ததும் தொடர்ந்து ஐந்து. பிறகு இருபது. பிறகு ஒரு மணி நேரம். அவர் 480 பீஸ் தைத்த நாளில் 50 சதவீதம் எட்டிவிட்டார் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

தரம் குறைந்தால் நீட்டுவதை நிறுத்துங்கள். ஆல்டர் பீஸ் (திருத்தத்துக்குத் திரும்பும் பீஸ்) அதிகமான நாளில் "இன்னும் ஐம்பது போடு" என்று சொல்வது அடுத்த மூன்று மாத ஆல்டரை உருவாக்குகிறது.

லைனில் கெட்டிக்கார டைலரையே பயிற்சியாளராகப் போடலாமா?

போடலாம், ஆனால் கெட்டிக்காரத்தனம் மட்டும் போதாது. பல வருடம் தைத்தவருக்குக் கை தானாக ஓடும். எதை ஏன் செய்கிறோம் என்பது அவருக்கே மறந்துபோயிருக்கும். "இப்படித்தாங்க, பாருங்க" என்று மூன்று நொடியில் முடித்துவிடுவார். அவரைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு சின்ன ஆபரேஷனை உங்களுக்கே சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் வேண்டுமென்றே ஒரு தவறு செய்யுங்கள். அவர் பீஸைப் பிடுங்கித் தானே தைக்கிறாரா, உங்கள் கையைத் திருத்துகிறாரா என்று பாருங்கள். இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

ஒரு பயிற்சியாளருக்கு ஒரே நேரத்தில் ஆறு முதல் எட்டுப் பேருக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கடியில் அவரை லைனில் உட்காரவைத்துத் தைக்கவிடும் பழக்கம் இருந்தால் பயிற்சி என்று ஒன்று இல்லை என்றே அர்த்தம்.

மொபைல் வீடியோ உதவுமா?

நன்றாக எடுத்தால் மிகவும் உதவும். ஓர் ஆபரேஷனுக்கு ஒரு வீடியோ, ஒரு நிமிடத்துக்குள். டைலரின் தோளுக்கு மேலிருந்து, அவர் கண் எதைப் பார்க்கிறதோ அதைப் படம்பிடியுங்கள். முகம் தேவையில்லை, கைதான் வேண்டும். ஒருமுறை வழக்கமான வேகத்தில், ஒருமுறை மெதுவாக, கடைசியில் சரியான பீஸும் கெட்ட பீஸும் பக்கத்தில் பக்கத்தில். ஃபிளோர் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் எழுத்தைத் திரையில் போடுங்கள். பின்னணி இசையை விட்டுவிடுங்கள். கியூஆர் குறியை அச்சிட்டு அந்த மெஷினின் மேசையிலேயே ஒட்டினால், வாட்ஸ்அப் குழுவில் தேட வேண்டியதில்லை. படம்பிடிக்கப்படுபவரிடம் முன்பே சம்மதம் கேளுங்கள், குறிப்பாகப் பெண்களிடம்.

பார்ப்பது தைப்பதாகிவிடாது. வீடியோ முடிந்ததும் ஒரு பீஸ் தைத்துக் காட்டச் சொல்ல ஆள் இல்லையென்றால், பார்த்தவர் பட்டியல்தான் மிஞ்சும்.

செக்கிங்கில் இருப்பவர்களுக்கு என்ன பயிற்சி?

செக்கிங்கின் சிக்கல் வேறு. எதைப் பிழை என்று ஒதுக்குவது என்பதில் ஆளுக்கு ஆள் கண் மாறுகிறது. காலையில் ஒதுக்கும் பீஸை அதே ஆள் மாலையில் விட்டுவிடுகிறார்.

ஒரு பெட்டி தயார்செய்யுங்கள். உண்மையான பீஸ்கள் முப்பது. அவற்றில் பத்தில் பிழை இருக்கட்டும்: ஊசி ஓட்டை, தையல் விட்டது, எண்ணெய்க் கறை, நிற வேறுபாடு, அளவு மாறியது, லேபிள் மாறியது. சில அப்பட்டமாகவும் சில எல்லைக்கோட்டிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு பீஸுக்கும் எண் ஒட்டி, விடையை இரண்டு மூத்தவர்கள் சேர்ந்து முடிவுசெய்து பூட்டி வையுங்கள். ஒவ்வொரு செக்கரும் தனியாக, லைனில் இருக்கும் அதே வெளிச்சத்தில், அதே வேகத்தில் முப்பதையும் பார்க்கட்டும். பிறகு இரண்டு எண்ணிக்கை எடுங்கள்: விட்டுவிட்ட பிழைகள், நல்ல பீஸைப் பிழை என்று ஒதுக்கியவை. இரண்டும் நஷ்டம்தான், இரண்டாவது கணக்கில் தெரியாத நஷ்டம். இரண்டு வாரம் கழித்து எண்களை மாற்றி ஒட்டி மறுபடி நடத்துங்கள்.

பலர் ஒரே பிழையைத் தவறவிட்டால் தவறு கண்ணில் இருக்காது. வெளிச்சம் போதாது, அல்லது எது ஏற்கத்தக்கது என்று எழுதி வைக்கவே இல்லை. ஊசி ஓட்டையை எல்லோரும் விட்டால், துணியைச் சற்று விரித்துப் பார்க்கும் பழக்கமே அந்த லைனில் இல்லை என்று பொருள்.

ஒருவருக்கே பல ஆபரேஷன் கற்றுக்கொடுக்கும்போது ஒவ்வொன்றாக முடிப்பதா, மாற்றி மாற்றியா?

தொடக்கத்தில் ஒவ்வொன்றாக. அடிப்படை கைவந்தபின் மாற்றி மாற்றி. 1979இல் ஷே, மார்கன் என்பவர்கள் கை அசைவுகளைக் கற்பதில் இதைச் சோதித்தார்கள். ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போனவர்கள் பயிற்சியின்போது வேகமாக இருந்தார்கள். கலந்து பயின்றவர்கள் பத்து நாள் கழித்தும் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே கலந்து பழகும் வாரத்தில் எண்ணிக்கை குறைந்தால் பதறாதீர்கள். காலையில் சட்டைக் கை ஏற்றுதல், மதியம் சைடு மூட்டுதல் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

திறன் அட்டவணையை லைன் ஓரத்திலேயே மாட்டுங்கள்: வரிசையில் பெயர், பத்தியில் ஆபரேஷன், கட்டத்தில் நான்கு நிலை. கற்கிறார், மேற்பார்வையில் செய்வார், தனியே செய்வார், பிறருக்குக் கற்பிப்பார். எந்தப் பத்தியில் தனியே செய்பவர் ஒருவர் மட்டும் இருக்கிறாரோ, அவர் ஊருக்குப் போனால் அங்கேதான் லைன் நிற்கும். அடுத்த பயிற்சி யாருக்கு என்பதை அந்தப் பத்தியே சொல்லிவிடும்.

புள்ளி, பேட்ஜ், பரிசு என்று விளையாட்டாக்கினால் ஆர்வம் வருமா?

வரும், சில வாரத்துக்கு. எதற்குப் புள்ளி கொடுக்கிறீர்களோ அது கூடும்; மற்றதெல்லாம் குறையும். எண்ணிக்கைக்குக் கொடுத்தால் பிழையை அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார்கள். முதலிடப் பட்டியல் மாட்டினால் மேலே உள்ள ஐந்து பேர் உற்சாகமாவார்கள், கீழே உள்ளவர்கள் பார்ப்பதையே நிறுத்திவிடுவார்கள். புதிதாக வந்த பெண்ணின் பெயரைக் கடைசியில் எழுதி மாட்டுவது, வேலையை விட்டுப்போகச் சொல்வதற்குச் சமம்.

பயன்படுகிற வடிவம்: தன் போன வாரத்தோடு தன்னையே ஒப்பிடுவது, லைன் முழுவதற்கும் சேர்த்து ஒரு இலக்கு, காலையில் ஐந்து நிமிடம், மூன்று பீஸில் கெட்டது எது என்று கண்டுபிடிக்கும் போட்டி. கடைசியாகச் சொன்னது நிஜமாகவே ரசிக்கப்படுகிறது, கற்றலும் அதற்குள்ளேயே நடக்கிறது.

சிலர் பார்த்துக் கற்பவர்கள், சிலர் கேட்டுக் கற்பவர்கள் என்கிறார்களே?

அப்படிப் பிரித்துக் கற்பித்தால் கூடுதல் பலன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இல் உளவியலாளர் பாஷ்லரும் வேறு மூவரும் ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அந்தச் சோதனைத்தாள்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். தையல் என்றால் எல்லோரும் கையால்தான் கற்க வேண்டும்.

ஒடிசா, பீகார், ஜார்கண்டிலிருந்து வருபவர்களுக்குத் தமிழ் தெரியாது. எப்படிப் பயிற்சி தருவது?

எல்லோருக்கும் இந்தி போதும் என்று நினைக்காதீர்கள். ஒடிசாவின் கிராமங்களிலிருந்து வரும் பலருக்கு ஒடியாதான் மொழி. ஜார்கண்ட் பெண்களில் சந்தாலி பேசுபவர்களும் உண்டு. அதே மொழி பேசும், ஓராண்டு பழகிய ஒருவரைத் துணையாக உட்காரவையுங்கள். அவருக்கு அந்த நேரத்துக்கான கூலி குறையக் கூடாது. தாளில் எழுத்தைக் குறைத்து படத்தைக் கூட்டுங்கள். சரி, தவறு என்று இரண்டு உண்மையான துணித் துண்டுகளை அட்டையில் தைத்து மாட்டினால் மொழியே வேண்டாம். அதேபோல் சூப்பர்வைசருக்கு அவர்கள் மொழியில் முப்பது சொல்லாவது கற்றுக்கொடுங்கள்: நில், மெதுவாக, நன்றாக இருக்கிறது, வலிக்கிறதா, தண்ணீர், கழிப்பறை. வந்த முதல் வாரத்தில் ஒருவர் தங்குவதும் போவதும் பெரும்பாலும் இந்தச் சொற்களில்தான் இருக்கிறது.

தீ பாதுகாப்புப் பயிற்சிக்கு மெய்நிகர் (விஆர்) கண்ணாடி வாங்கலாமா?

உண்மையில் செய்து பார்க்க முடியாத, ஆபத்தான அல்லது செலவு மிகுந்த வேலைகளுக்கு அது பொருந்தும். பழைய உதாரணம், எட்வின் லிங்க் 1929இல் உருவாக்கிய விமானப் பயிற்சிப் பெட்டி. பாய்லர், ஃபோர்க்லிஃப்ட் போன்றவற்றுக்கு யோசிக்கலாம். ஆனால் தீயில் தப்பிப்பதற்கு உங்கள் கட்டடத்தின் உண்மையான படிக்கட்டில், உண்மையான சைரனில் நடந்து பழகுவதற்கு மாற்று இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல், இரவு ஷிப்டிலும் சேர்த்து நடத்துங்கள். கடைசி ஆள் வெளியேறிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே தலை எண்ணிக்கை வருகைப் பதிவோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரு வழியை வேண்டுமென்றே அடைத்துவிட்டு இன்னொரு முறை நடத்துங்கள்.

யாருக்குப் பயிற்சி என்பது அதைவிட முக்கியம். 2012 நவம்பரில் வங்கதேசத்தின் தஸ்ரீன் ஆடை ஆலையில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சைரன் ஒலித்தபோது உட்கார்ந்து வேலையைத் தொடரும்படி தங்களிடம் சொல்லப்பட்டதாக உயிர் பிழைத்தவர்கள் கூறினார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று அதே நாட்டில் ஆடை ஆலைகள் இயங்கிய ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தும் தொழிலாளர்கள் மறுபடி உள்ளே அனுப்பப்பட்டார்கள். தொழிலாளிக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும், சைரன் கேட்டதும் யாரையும் கேட்காமல் எழுந்து போகலாம் என்ற அதிகாரம் இல்லையென்றால் அது வீண். முதல் பயிற்சி மேனேஜருக்கும் சூப்பர்வைசருக்கும்.

பேச்சுத்திறன், நேர மேலாண்மை போன்ற பாடங்களால் ஃபிளோருக்கு என்ன லாபம்?

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல சான்று உண்டு. அமெரிக்க ஆடை நிறுவனமான கேப் 2007இல் தொடங்கிய பேஸ் திட்டம் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களுக்குத் தொடர்பாடல், சிக்கல் தீர்த்தல், நேரமும் பணமும் கையாளுதல் போன்றவற்றைக் கற்பித்தது. பெங்களூருவில் ஷாஹி எக்ஸ்போர்ட்ஸின் ஐந்து ஆலைகளில், யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து பொருளாதார ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். பயின்றவர்களின் உற்பத்தித்திறன் உயர்ந்தது. அதே லைனில் பயிலாமல் இருந்தவர்களிடமும் உயர்வு தெரிந்தது. நிறுவனத்துக்குச் செலவைக் கழித்தபின்னும் இரண்டு மடங்குக்கு மேல் லாபம். கூலி உயர்வோ மிகச் சிறியது. அந்தக் கடைசி விவரத்தை நிர்வாகங்கள் கவனித்துத் திருத்த வேண்டும்.

பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பீஸ் ரேட் டைலர்கள் பயிற்சிக்கு வர மறுக்கிறார்களே?

பயிற்சியில் உட்காரும் ஒரு மணி நேரமும் அவர்களுக்குக் கூலி இழப்பு. மறுப்பது நியாயம். கடந்த நான்கு வாரச் சராசரியைக் கணக்கிட்டு, பயிற்சி நேரத்துக்கு அந்த வீதத்தில் கூலி கொடுங்கள். புது ஆபரேஷனுக்கு மாற்றும்போதும் வேகம் திரும்பும்வரை அதே ஏற்பாடு வேண்டும். ஷிப்ட் முடிந்தபின் பயிற்சி வைக்காதீர்கள். களைத்த கையில் எதுவும் ஏறாது, பஸ்ஸும் போய்விடும். கான்ட்ராக்டரின் ஆட்கள் என்றால் இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

பழக்கி விட்டால் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். பிறகு எதற்குப் பழக்க வேண்டும்?

பழக்காவிட்டாலும் போகிறார்கள், முதல் மாதத்திலேயே. திறன் கூடிய பிறகும் கூலி கூடாதபோது போவது இயல்பு. திறன் அட்டவணையின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு கூலி உயர்வை முன்பே அறிவியுங்கள். "மூன்று ஆபரேஷன் தனியே செய்தால் இவ்வளவு" என்று சுவரில் எழுதியிருந்தால் தங்குவதற்கு ஒரு காரணம் இருக்கும். சான்றிதழையோ முதல் மாதச் சம்பளத்தையோ பிடித்து வைப்பது சட்டப்படியும் தவறு, ஊர் முழுக்கப் பெயரும் கெடும்.

பயிற்சி பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் நான்கு நிலைகளைச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் உண்டா. பெரும்பாலான இடங்களில் முதலாவதோடு நின்றுவிடுகிறோம். மூன்றாவதில் தொடங்குங்கள். பயிற்சி முடிந்து முப்பதாம் நாள் மெஷின் பக்கத்தில் நின்று, வேலைப் பிரிப்புத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

எண்களில் இவை போதும்: 60 சதவீதத் திறனை எட்ட ஆன நாட்கள், நூறு பீஸுக்குப் பிழைகள், 30, 60, 90ஆம் நாளில் இன்னும் வேலையில் இருப்பவர்கள். ஸ்டைல் மாறினால் திறன் தானாகக் குறையும் என்பதால் ஒரே ஆபரேஷனை ஒரே வகைத் துணியில் ஒப்பிடுங்கள். இன்னொரு பொறி: மிக மோசமாக இருந்த லைனைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்தால், பயிற்சி இல்லாவிட்டாலும் அடுத்த மாதம் கொஞ்சம் தேறியிருக்கும். பயிற்சி தராத, அதே போன்ற ஒரு லைனைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"பயிற்சி பெறுபவர்" என்ற பெயரில் எத்தனை காலம் ஒருவரை வைத்திருக்கலாம்?

1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் (தொழிற்பழகுநர்) சட்டப்படி சேர்த்தால், ஒப்பந்தத்தை அரசின் இணையத்தளத்தில் பதிவுசெய்ய வேண்டும். காலமும் உதவித்தொகையும் அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களைச் சேர்க்கக் கடமைப்பட்டது. தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை, ஓர் உச்சவரம்புக்குள், மத்திய அரசு ஏற்கிறது. சிறப்பு அனுமதி இல்லாமல் அப்ரண்டிஸை ஓவர்டைம் செய்யவைக்கக் கூடாது.

பதிவில்லாமல் "டிரெய்னி" என்று அழைப்பதால் ஒருவர் தொழிலாளி அல்லாமல் போய்விடமாட்டார். அவருக்குக் குறைந்தபட்சக் கூலி உண்டு. தமிழ்நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு பயிற்சி பெறுபவர்களாகவே வைத்து, முடிவில் மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி நடந்த கொடுமையை இந்தத் தொழில் மறக்கக் கூடாது. எளிய தையல் ஆபரேஷன் ஒன்றைத் தனியே செய்யச் சில வாரங்கள் போதும். அதைத் தாண்டியும் ஒருவர் பயிற்சிக் கூலியில் இருந்தால், அந்தத் தேதியை எடுத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் பேச வேண்டியவர் பயிற்சியாளராகிய நீங்கள்.